கணினி ஏன் காக்க வைக்கிறது?

இளம் அறிவியல் (கணினி அறிவியல்), இரண்டாம் ஆண்டு

இன்றைய உலகம் கணினி உலகம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். கண்ணை மூடித் திறப்பதற்குள் கோடிக்கணக்கான கணக்குகளைப் போட்டு முடிக்கும் என்று வியக்கிறோம். அத்தகைய ஆற்றல் படைத்த கணினி, பொத்தானை அழுத்திய பின் வேலைக்கு ஆயத்தமாக ஒரு நிமிடமும் சில வேளை இரண்டு நிமிடமும் எடுத்துக்கொள்கிறதே, அது ஏன்? இக்கேள்வியை நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? "பழைய கணினி, அப்படித்தான் இருக்கும்" என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டு, திரை ஒளிரும் வரை கைகட்டி அமர்ந்திருக்கிறோம்.

அப்படித்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதே என் கருத்து. கணினி காக்க வைப்பதற்கு அதன் வறுமை மட்டும் காரணம் அன்று. அதன் உள்ளே உள்ள உறுப்புகளை எழுப்பும் முறையில் உள்ள ஒழுங்கின்மையும் ஒரு காரணம். வறுமையைப் போக்கப் பணம் வேண்டும். ஒழுங்கின்மையைப் போக்க அறிவு போதும். அந்த அறிவைத் தேடிப் பெற வேண்டியவர்கள் கணினி அறிவியல் மாணவர்களாகிய நாமே.

பொத்தானுக்கும் திரைக்கும் இடையே

மடிக்கணினியின் பொத்தானை அழுத்தியதும் என்ன நிகழ்கிறது? முதலில் தாய்ப்பலகையில் பதிந்துள்ள பயாஸ் என்னும் நிரல் விழிக்கிறது. நினைவகம் இருக்கிறதா, விசைப்பலகை இருக்கிறதா என்று பார்க்கிறது. பின்பு வட்டிலிருந்து இயக்க அமைப்பின் கருவாகிய கர்னலை நினைவகத்தில் ஏற்றுவதற்கு வழி செய்கிறது. கர்னல் பொறுப்பேற்றதும் தன் கீழுள்ள ஒவ்வொரு சாதனத்தையும் எழுப்பத் தொடங்குகிறது. வட்டு, திரை, விசைப்பலகை, டச்பேட், ஒலி அட்டை, வைஃபை, கேமரா, யுஎஸ்பி என்று அந்தப் பட்டியல் நீளும்.

இச்சாதனங்களுள் எதனோடும் கர்னல் நேரடியாகப் பேசுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு டிரைவர் உண்டு. பேருந்துக்கு ஓட்டுநர் போலச் சாதனத்துக்கு இந்த டிரைவர். எந்தப் பொத்தானை எந்த வரிசையில் தட்டினால் அந்தச் சாதனம் கண் விழிக்கும், எவ்வளவு நேரம் பொறுத்தால் பதில் சொல்லும் என்பன டிரைவர் நிரலை எழுதியவருக்கே தெரியும். சாதனத்தை எழுப்பி, நலம் விசாரித்து, வேலைக்கு ஆயத்தம் செய்யும் இந்தத் தொடக்கப் பணியில்தான் நாம் காணாத காத்திருப்புகள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். செயலி நொடிக்கு நூறு கோடிக்கு மேற்பட்ட துடிப்புகளோடு ஓடுவது. ஆனால் சாதனங்கள் பருப்பொருள்கள். சுழலும் வட்டு தன் முழு வேகத்தை எட்டச் சில நொடிகள் ஆகும். செருகப்பட்ட யுஎஸ்பி சாதனத்தின் இணைப்பு நிலைபெறுவதற்கு 100 மில்லிநொடி பொறுக்க வேண்டும் என்பது விதி. பிசிஐ எக்ஸ்பிரஸ் வகை அட்டையை மீட்டமைத்தால் அதனிடம் முதற்கேள்வி கேட்பதற்கு முன் 100 மில்லிநொடி விட வேண்டும் என்பதும் விதி. ஆயிரம் மில்லிநொடி சேர்ந்தது ஒரு நொடி. நமக்கு 100 மில்லிநொடி இமைப்பொழுது. செயலிக்கோ அது ஓர் ஊழிக்காலம். ஆகவே கணினியின் தொடக்கம் என்பது பெரும்பாலும் உழைப்பு அன்று, காத்திருப்பு. எப்படிக் காத்திருக்கிறது என்பதே கேள்வி.

மூன்று விதக் காத்திருப்பு

வருமானச் சான்றிதழுக்கு மனுக் கொடுத்தவர்களின் பழைய அனுபவத்தை எண்ணிப் பாருங்கள். "பத்து நாள் கழித்து வா" என்பார்கள். சான்றிதழ் மூன்றாம் நாளே ஆயத்தமாகி மேசையில் கிடந்தாலும் மனுதாரருக்குப் பத்தாம் நாள்தான் தெரியவரும். இது முதல் வகை. இரண்டாம் வகையில் மனுதாரர் பத்து நாள் பொறுக்காமல் நாள்தோறும் பேருந்து ஏறிப் போய், "ஆகிவிட்டதா ஐயா?" என்று கேட்டு வருவார். சான்றிதழ் சீக்கிரம் கிடைக்கும், ஆனால் பேருந்துக் காசும் வேலை நாளும் போகும். மூன்றாம் வகை, இன்று இ-சேவை மையத்தில் நாம் காண்பது. மனுக் கொடுத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். முடிந்ததும் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்து சேரும்.

டிரைவர் நிரல்களிலும் இம்மூன்று வகைகளும் அப்படியே உண்டு. சாதனத்துக்குக் கட்டளை கொடுத்துவிட்டு, "இத்தனை மில்லிநொடி உறங்கு" என்று கண்ணை மூடிக்கொள்வது முதல் வகை. "ஆகிவிட்டதா, ஆகிவிட்டதா" என்று சாதனத்தின் நிலைப் பதிவேட்டைத் திரும்பத் திரும்பப் படிப்பது இரண்டாம் வகை. இதற்குப் போலிங் என்று பெயர். வேலை முடிந்ததும் சாதனமே மணியடித்துச் செயலியை அழைப்பது மூன்றாம் வகை, இது இன்டரப்ட்.

முதல் வகை எழுதுவதற்கு எளிது. ஐந்து மில்லிநொடியில் முடியும் வேலைக்கும் "எதற்கும் இருக்கட்டும்" என்று ஐம்பது மில்லிநொடி போட்டுவிட்டால் நிரலாளருக்குக் கவலை இல்லை. ஆனால் அந்தக் கவலையின்மைக்கு விலை கொடுப்பவர் யார்? அந்தக் கணினியை ஒவ்வொரு நாளும் திறக்கும் ஒவ்வொருவரும்! எழுதியவர் ஒரு நாளில் மிச்சப்படுத்திய உழைப்பைப் பயன்படுத்துவோர் பல ஆண்டுகளாகத் தவணை முறையில் கட்டுகிறார்கள்.

இதில் இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. லினக்ஸ் கர்னலில் உறங்குவதற்கென்று எம்ஸ்லீப் என்றொரு செயற்கூறு இருக்கிறது. அதனிடம் 1 மில்லிநொடி உறக்கம் கேட்டால் அது 20 மில்லிநொடி வரை உறங்கிவிடக்கூடும் என்று கர்னலின் சொந்த ஆவணமே பல காலமாக எச்சரித்து வந்திருக்கிறது. அந்த உறக்கத்தை அளந்தது கர்னலின் கடிகாரத் துடிப்பு. பல கணினிகளில் அத்துடிப்பு 4 மில்லிநொடிக்கு அல்லது 10 மில்லிநொடிக்கு ஒருமுறைதான் அடிக்கும். அரைப்படி அளக்க மரக்காலை எடுத்தால் அளவு எப்படிச் சரியாக வரும்? ஒரு டிரைவர் நூறு இடங்களில் 1 மில்லிநொடி உறங்குவதாக வைத்துக்கொள்வோம். தாளில் கணக்கிட்டால் நொடியில் பத்தில் ஒரு பங்கு. நடைமுறையில் அது இரண்டு நொடி வரை நீண்டுவிடலாம். சிறு உறக்கங்களை நுட்பமாக அளக்கும் யுஸ்லீப் ரேஞ்ச் என்னும் செயற்கூறு 2010ஆம் ஆண்டிலேயே கர்னலில் சேர்ந்துவிட்டது. பொருத்தமான இடத்தில் அதனைப் பயன்படுத்துவது ஒரு வரியை மாற்றும் வேலை. அந்த ஒரு வரி எது என்று கண்டுபிடிப்பதில்தான் அறிவு இருக்கிறது.

வாய்க்காலும் கிணறும்

இதுவரை ஒரு சாதனம் எப்படிக் காத்திருக்கிறது என்று பார்த்தோம். பல சாதனங்கள் ஒன்றுக்காக ஒன்று காத்திருப்பது இதனினும் பெரிய சிக்கல்.

எங்கள் வடகரைப் பக்கத்து வயல்களை அறிந்தவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. மேக்கரைக்கு மேலே அடவிநயினார் அணையிலிருந்து வரும் நீர் வாய்க்காலில் பாய்கிறது. ஒரே வாய்க்காலில் நீர் எடுக்கும் வயல்களுக்கு முறை வேண்டும். மேல்மடைக்காரர் பாய்ச்சி முடிக்கும் வரை கீழ்மடைக்காரர் பொறுக்க வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் மடையைத் திறந்தால் கடைசி வயலுக்குச் சொட்டு நீர் சேராது. இது நியாயம். ஆனால் தனித்தனிக் கிணறும் தனித்தனி மோட்டாரும் வைத்திருக்கும் நான்கு பேர், "அவர் பாய்ச்சி முடித்த பிறகுதான் நான் என் மோட்டாரைப் போடுவேன்" என்று வரப்பில் குந்தியிருந்தால் ஊர் சிரிக்காதா?

மடிக்கணினியினுள்ளே நெடுங்காலம் நடந்தது இதுதான். டிரைவர்கள் வரிசையாக ஒவ்வொன்றாகத் தொடங்கப்பட்டன. வட்டு எழும் வரை ஒலி அட்டை காத்திருந்தது. ஒலி அட்டை எழும் வரை டச்பேட் காத்திருந்தது. ஒன்றோடொன்று எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாதவை கூட வரிசையில் நின்றன. ஒரு கணக்குக்காக வட்டுக்கு 2 நொடி, டச்பேடுக்கு 1 நொடி, வைஃபைக்கு 1 நொடி, ஒலிக்கு 1 நொடி, கேமராவுக்கு 1 நொடி என்று வைத்துக்கொள்வோம். வரிசையில் நின்றால் 6 நொடி. ஒரே நேரத்தில் தொடங்கினால் எல்லாவற்றிலும் மெதுவானதாகிய வட்டின் 2 நொடியோடு எல்லாம் முடிந்துவிடும். செயலியின் வேகத்தை ஒரு துளியும் கூட்டாமல், ஒரு பைசாவும் செலவழிக்காமல் 4 நொடி மிச்சம். உலையை அடுப்பில் ஏற்றிவிட்டுக் காய் நறுக்கும் நம் தாய்மார்களுக்கு இதனைப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் எது வாய்க்கால், எது கிணறு என்று அறிவது எளிதன்று. ஒரே கம்பித் தடத்தில் தொங்கும் இரு சாதனங்கள் வாய்க்கால் வயல்கள். முறை வைத்தே ஆக வேண்டும். வெவ்வேறு தடங்களில் இருப்பவை கிணற்று வயல்கள். சிலவற்றுக்கு இடையே வேறு வகை உறவும் உண்டு. மின்சாரம் தரும் சில்லு எழுந்தால்தான் அதனிடம் மின்சாரம் வாங்கும் கேமரா எழ முடியும். முன்னது எழுவதற்குள் பின்னதன் டிரைவர் வந்துவிட்டால் என்ன செய்வது? "இப்போது இயலாது, பிறகு அழையுங்கள்" என்று ஒதுங்கி நிற்கும் முறை 2012இல் வெளிவந்த 3.4ஆம் கர்னலில் சேர்க்கப்பட்டது. வரிசையை யாரோ ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டியதில்லை. தேவை நிறைவேறியதும் தானாக முறை வரும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. வந்தவுடன் எல்லாமே தேவைதானா? உள்நுழையும் திரையைக் காட்ட வட்டு வேண்டும், திரை வேண்டும், விசைப்பலகை வேண்டும். கேமரா எதற்கு? மாப்பிள்ளை வீட்டார் வாசலில் நிற்கும்போது மறுநாள் சமையலுக்கு அரிசி புடைப்பார் உண்டோ? பிறகு செய்யத் தக்கதைப் பிறகு செய்வதும் வேகமே.

ஐந்து நொடிப் பந்தயம்

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வரலாற்றைச் சொல்கிறேன்.

2008ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரில் லினக்ஸ் நிரலாளர்களின் மாநாடு ஒன்று நடந்தது. அதில் இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த அர்ஜன் வான் டி வென், ஆகே கோக் என்னும் இரு பொறியாளர்கள் ஏசஸ் ஈ பிசி என்னும் சின்னஞ்சிறு மடிக்கணினியை 5 நொடியில் தொடங்கிக் காட்டினார்கள். அது விலை மலிந்த, ஆற்றல் குறைந்த கணினி. சுழலும் வட்டுக்குப் பதிலாக அசையாச் சேமிப்பகம் இருந்தது ஒன்றே அதற்கு வாய்ப்பாக அமைந்தது.

அவர்கள் செய்த வேலையை விட அவர்கள் எண்ணிய முறையே என்னைக் கவர்ந்தது. "இன்னும் கொஞ்சம் வேகமாக்குவோம்" என்று அவர்கள் தொடங்கவில்லை. "ஐந்து நொடி" என்று முதலில் முடிவு செய்தார்கள். பிறகு குடும்பத் தலைவி மாதச் சம்பளத்தைப் பிரிப்பது போல அந்த ஐந்தைப் பிரித்தார்கள். கர்னலுக்கு 1 நொடி, தொடக்கப் பணிகளுக்கு 1 நொடி, வரைகலைத் திரைக்கு 1 நொடி, பணித்திரைக்கு 2 நொடி. ஒதுக்கிய தொகைக்கு மேல் யாரும் செலவழிக்கக் கூடாது. மீறுபவர் யார் என்று அளந்து பார்த்து, அவரைத் திருத்துவது. இவ்வளவுதான்!

அந்த முயற்சியின் பயனாகத் தொடக்கப் பணிகளை ஒரே நேரத்தில் நடத்தும் ஏற்பாடு 2009 மார்ச்சில் வெளிவந்த 2.6.29ஆம் கர்னலில் இடம்பெற்றது. எந்தச் சாதனத்தைத் தனியே, மற்றவற்றைத் தடுக்காமல் எழுப்பலாம் என்று டிரைவரே அறிவித்துக்கொள்ளும் வசதி 2015இல் 4.2ஆம் கர்னலில் வந்தது. விண்டோஸ் வேறு வழியில் சென்றது. 2012இல் வந்த விண்டோஸ் 8, கணினியை அணைக்கும்போதே கர்னலின் நிலையை வட்டில் எழுதி வைத்துக்கொண்டு, மறுமுறை அதனை அப்படியே எடுத்துக்கொள்ளும் முறையைக் கொண்டு வந்தது. வழிகள் வேறாயினும் நோக்கம் ஒன்றே.

காக்க வைக்கும் தவறான வரிசைக்கு ஒரு கதையும் உண்டு. வைஃபை போன்ற சில சாதனங்கள் எழுவதற்கு ஃபர்ம்வேர் என்னும் கோப்பு ஒன்றை உள்ளே ஏற்ற வேண்டும். முன்னெல்லாம் கர்னல் அக்கோப்பைத் தானே எடுக்காமல், யுடெவ் என்னும் வெளி நிரலிடம் "எடுத்துக் கொடு" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கும். கர்னலின் வழக்கமான கெடு 60 நொடி. 2012 வாக்கில் ஒரு மாற்றத்தால் சிக்கல் முளைத்தது. டிரைவர் தொடங்கி முடிந்தால்தான் நான் கோப்பைத் தருவேன் என்றது யுடெவ். கோப்பு வந்தால்தான் நான் தொடங்கி முடிப்பேன் என்றது டிரைவர். "நீ முந்தி, நான் பிந்தி" என்று இருவரும் வாசலிலேயே நின்றுவிட்டனர். கெடு தீரும் வரை பயன்படுத்துவோரும் காத்திருந்தனர். முடிவில், வட்டிலிருந்து கோப்பைக் கர்னலே நேராகப் படித்துக்கொள்ளட்டும் என்று அதே ஆண்டு டிசம்பரில் வெளிவந்த 3.7ஆம் கர்னலில் திருத்தினார்கள். அந்தக் கணினிகளில் செயலியும் போதிய அளவு இருந்தது, நினைவகமும் இருந்தது. இல்லாதிருந்தது ஒழுங்கு ஒன்றே.

பதறாத காரியம் சிதறாது

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நடுவுநிலைமை ஆகாது. "காத்திருப்பு எல்லாமே வீண், வெட்டி எறி" என்று கிளம்புவோரும் உண்டு. அது பேராபத்து. 100 மில்லிநொடி விட வேண்டும் என்று விதி சொல்கிற இடத்தில் 10 மில்லிநொடி விட்டால், நம் மேசையில் உள்ள கணினியில் ஒருவேளை வேலை செய்யும். குளிர்காலக் காலையிலோ, வேறொரு தொழிற்சாலையில் செய்த சில்லிலோ அது வேலை செய்யாது. அப்போது வைஃபை சில நாள் வரும், சில நாள் வராது. மெதுவான கணினியை விட நம்ப முடியாத கணினி பொல்லாதது.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எழுப்புவதிலும் கண்ணி உண்டு. இரண்டு வட்டுகள் உள்ள கணினியில் எது முதலில் எழுகிறதோ அது முதற்பெயரைப் பெற்றுக்கொள்ளும். இன்று "முதல் வட்டு" எனப்பட்டது நாளை "இரண்டாம் வட்டு" ஆகலாம். அதனால்தான் வட்டுப் பகுதிகளை வரிசைப் பெயரால் அழையாமல், மாறாத அடையாள எண்ணால் அழைக்கும் வழக்கம் பரவியது. 2009இல் வந்த அந்த ஒரேநேர ஏற்பாட்டைக் கூட, முதல் வெளியீட்டில் வழக்கமாக அணைத்தே வைத்திருந்தார்கள். வேண்டுவோர் மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். வல்லவர்களே அவ்வளவு நிதானம் காட்டினார்கள் என்றால் நாம் எவ்வளவு நிதானம் காட்ட வேண்டும்!

திருவள்ளுவர் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல் என்று அடுத்தடுத்து மூன்று அதிகாரங்களை வைத்தார். ஆராய்ந்து, ஆற்றலை அளந்து, காலத்தை அறிந்து செய்க என்னும் அந்த வரிசை அரசனுக்கு மட்டும் உரியதன்று. டிரைவர் எழுதுவோருக்கும் உரியது. தேவையான காத்திருப்பைப் போற்றுதலும் தேவையற்ற காத்திருப்பைப் போக்குதலும் இரண்டும் சேர்ந்ததே வேகம்.

நமக்கென்ன என்பாருக்கு

"நான்கைந்து நொடி மிச்சமானால் என்ன, குடியா முழுகிவிடும்?" என்று சில நண்பர்கள் என்னிடம் கேட்டதுண்டு. நியாயமான கேள்வி. விடை சொல்கிறேன்.

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் திருவள்ளூரை அடுத்த காக்களூரில் அன்றைய முதலமைச்சர் செல்வி ஜெயலலிதா அவர்கள் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். தொடர்ந்து வந்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் தமிழக மாணவர் கைக்கு வந்து சேர்ந்தன. 2025-26ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. இந்த 20 லட்சம் கருவிகளும் நாளுக்கு ஒருமுறை திறக்கப்பட்டு, ஒவ்வொரு முறையும் 5 நொடி வீணாகிறது என்று கொள்வோம். நாளுக்கு ஒரு கோடி நொடி! மணிக்கணக்கில் 2,777 மணி நேரம். ஏறத்தாழ 115 நாள்கள் ஒவ்வொரு நாளும் வீணாகின்றன.

ஆனால் இந்தக் கணக்கை நான் பெரிதாகக் கருதவில்லை. சிதறிய ஐந்து நொடிகளைத் திரட்டி யாரும் ஒரு பாடம் படித்துவிட முடியாது. நான் கருதுவது வேறு. எங்கள் ஊரைப் போன்ற ஊர்களில், முதல் தலைமுறையாகப் பட்டப்படிப்புக்கு வந்த என் போன்றோர் வீடுகளில், அண்ணனோ அக்காவோ பள்ளியில் வாங்கிய அந்த அரசு மடிக்கணினிதான் வீட்டின் முதற்கணினி. பல வீடுகளில் அது இன்று பரணில் கிடக்கிறது. கேட்டால், "அது ரொம்ப ஸ்லோ தம்பி" என்கிறார்கள். உண்மையிலேயே அது பயனற்றதா? அதன் வட்டு தேய்ந்துவிட்டதா? வராத வலைக் கம்பிக்காக அது காத்திருக்கிறதா? ஒரு டிரைவர் கெடு தீரும் வரை உறங்குகிறதா? யாரும் பார்க்கவில்லை. பார்க்கும் வழி தெரியாததால் "பழசு" என்ற ஒரே சொல்லால் தீர்ப்பு எழுதிவிட்டோம். விசாரணை இல்லாத தீர்ப்பு!

வசதி உள்ளவர் மெதுவான கணினியை மாற்றிப் புதியது வாங்குவார். வாங்க இயலாத வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பழைய கணினியின் நோயறிதல்தான் ஒரே வழி. ஆகவே கணினி ஏன் காக்க வைக்கிறது என்று கண்டறியும் அறிவு நகரத்துப் பெரு நிறுவனங்களை விட நமக்கே அதிகம் தேவைப்படுகிறது.

கையில் உள்ள கருவிகள்

நோயறியக் கருவி வேண்டாமா? அது நம் கையிலேயே இருக்கிறது. அரசு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் என்னும் இயக்க அமைப்பும் சேர்த்தே தரப்பட்டது பலருக்குத் தெரியாது. அது நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது. லினக்ஸ் வகை அமைப்புகளின் சிறப்பு என்னவெனில், அவற்றின் கர்னல் நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குத் தரலாம்.

லினக்ஸில் டிமெசேஜ் என்னும் கட்டளையைக் கொடுத்தால், கர்னல் பொறுப்பேற்றது முதல் எழுதிவந்த நாட்குறிப்பு திரையில் ஓடும். ஒவ்வொரு வரியின் முன்னும் அது எத்தனையாவது நொடியில் எழுதப்பட்டது என்ற குறிப்பு இருக்கும். இரண்டு வரிகளுக்கு இடையே ஐந்து நொடி இடைவெளி தென்பட்டால் அங்கே யாரோ உறங்கியிருக்கிறார்கள் என்று பொருள். தொடங்கும்போது இனிட்கால் டீபக் என்னும் தேர்வைக் கொடுத்தால், ஒவ்வொரு டிரைவரும் தொடங்குவதற்கு எத்தனை மைக்ரோநொடி எடுத்துக்கொண்டது என்று பெயரோடு பட்டியல் வரும். அண்மைக்கால லினக்ஸ் அமைப்புகளில் சிஸ்டம்டி அனலைஸ் என்னும் கட்டளை கர்னல் எவ்வளவு, மற்ற சேவைகள் எவ்வளவு என்று பிரித்தே சொல்லிவிடும். மருத்துவருக்கு இதயமானி போல நமக்கு இவை.

அளக்கும்போது பல முறை டிரைவர் குற்றவாளியாக இருக்காது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பழைய மடிக்கணினியில் சுழலும் வட்டுதான் பெரும்பகுதி நேரத்தை விழுங்கும். அப்படியாயின் வட்டை மட்டும் மாற்றினால் போதும், கணினியையே மாற்ற வேண்டாம் என்பது தெரிந்துவிடும். அதுவும் பெரிய இலாபமே. குற்றவாளி யார் என்பதை ஊகம் சொல்லக் கூடாது, அளவு சொல்ல வேண்டும். இயற்பியல் ஆய்வகத்தில் வெர்னியர் கருவியைக் கையில் கொடுத்து நம் ஆசிரியர்கள் முதல் நாள் சொன்னதும் இதுதானே!

செய்யத் தக்கவை

முடிவாக மூன்று கருத்துகளைப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

முதலாவது, நம் பாடத்திட்டம் பற்றியது. இயக்க அமைப்புகள் பாடத்தில் இன்டரப்ட் என்றால் என்ன, போலிங் என்றால் என்ன என்று ஐந்து மதிப்பெண் வினாவுக்கு மனப்பாடம் செய்கிறோம். தேர்வு முடிந்ததும் மறக்கிறோம். ஆய்வகத்தில் பழைய மடிக்கணினி ஒன்றை மேசையில் வைத்து, அதன் தொடக்க நேரத்தை அளந்து, பட்டியலிட்டு, மிக மெதுவான மூன்று பகுதிகளைக் கண்டுபிடி என்று ஒரே ஒரு செய்முறைப் பயிற்சி கொடுத்தால் போதும். அந்த இரண்டு சொற்களும் ஆயுளுக்கும் மறக்கா. செலவு ஒன்றும் இல்லை. பரணிலிருந்து ஒரு கணினியை இறக்கினால் ஆயிற்று.

இரண்டாவது, அரசுக்கு உரியது. லட்சக்கணக்கில் கணினி வாங்கும்போது நினைவகம் எவ்வளவு, வட்டு எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் கேட்கிறார்கள். பொத்தானை அழுத்தியது முதல் பயன்படுத்தத் தொடங்கும் வரை எத்தனை நொடி என்பதையும் கேட்கலாம். எல்லாச் சாதனங்களுக்கும் திறந்த டிரைவர் உண்டா என்பதையும் கேட்கலாம். திறந்த டிரைவர் இருந்தால், உற்பத்தி செய்தவர் கைவிட்ட பிறகும் அந்தக் கணினியைப் பழுது பார்க்க நம் மாணவர்களால் முடியும்.

மூன்றாவது, நமக்கே உரியது. டிரைவர் எழுதுவது எங்கோ வெளிநாட்டில் யாரோ செய்யும் மாயவித்தை என்ற அச்சத்தை நாம் விட வேண்டும். 1991இல் லினக்ஸைத் தொடங்கியபோது லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்ற 21 வயது மாணவர். என்னை விட ஒரு வயதே மூத்தவர்! மென்பொருள் எழுதப் பெருநகரம் போக வேண்டும் என்ற எண்ணமும் பழங்கதை ஆகிவிட்டது. குற்றாலச் சாரல் வீசும் இந்த மண்ணிலேயே, தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011 முதல் சோஹோ நிறுவனம் இயங்கி வருகிறது. வயலுக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவே அமர்ந்து உலகத்துக்கு நிரல் எழுத முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டா. மேலே தெரியும் செயலிகளோடு நின்றுவிடாமல், அடியில் ஓடும் டிரைவர் வரையிலும் நாம் இறங்கிப் பார்க்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

காத்திருப்பது தலையெழுத்து என்று நம்பியே பழகிய குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் நாம். பேருந்துக்குக் காத்தோம், மழைக்குக் காத்தோம், அலுவலக வாசல்களில் காத்தோம். எல்லாக் காத்திருப்பையும் நம்மால் உடனே மாற்றிவிட முடியாது. ஆயினும் ஒவ்வொரு காத்திருப்பின் முன்னும் நின்று, "இது எதற்காக? இது தேவைதானா? யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள்?" என்று கேட்பதற்கு ஒரு படிப்பு வேண்டும். அந்தப் படிப்பைத்தான் நாம் இந்தக் கல்லூரியில் பெற்றுக்கொண்டிருக்கிறோம். அக்கேள்வியை முதலில் நம் முன்னே இருக்கும் கணினியிடமே கேட்போம், அளந்து கேட்போம். விடை கிடைத்ததும் திருத்துவோம்.